கார்ல கீறலா? முதல்ல நகத்தால தடவிப் பாருங்க

பார்க்கிங்கில் கார் உரசிடுச்சா? சின்னக் கீறலுக்கு அவசரப்பட்டு இன்சூரன்ஸ் க்ளெய்ம் போடாதீங்க. என்சிபி பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லைன்னா, ஒரே க்ளெய்மில் நோ க்ளெய்ம் போனஸ் போயிடும். 5 வருஷம் க்ளெய்ம் போடாதவருக்கு, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் இது 50% தள்ளுபடி.

கீறலைக் கழுவித் துடைத்து, நகத்தால் குறுக்கே தடவுங்க.

நகம் சிக்கலைன்னா: கீறல் பெரும்பாலும் மேலே உள்ள நிறமற்ற க்ளியர் கோட்டோடு நின்றிருக்கும். நிழலில் நிறுத்தி, மைக்ரோஃபைபர் துணியில் ரப்பிங் காம்பவுண்ட் எடுத்து மெதுவாகத் தேய்ச்சா மறையும். அந்தப் பூச்சு சுமார் 40-50 மைக்ரான்தான். அழுத்தித் தேய்ச்சா அதுவே போயிடும்.

நகம் சிக்கினா: காரின் பெயின்ட் கோடுக்கு ஏற்ற டச்-அப் பெயின்ட்டை மெல்லிய அடுக்குகளாக வையுங்க. தகடு தெரிஞ்சா முதலில் பிரைமர். தள்ளிப்போட்டா துரு பிடிக்கும், செலவும் ஏறும்.