பரிசு விருப்பப் பட்டியல்: வரலாறும் நெறிமுறைகளும்

பரிசு விருப்பப் பட்டியல் என்பது ஒருவர் தமக்குத் தேவையான பொருள்களைக் குறித்து வைத்து, பரிசளிக்க எண்ணும் உறவினரும் நண்பர்களும் அதிலிருந்து தெரிவு செய்துகொள்ள வழிசெய்யும் பட்டியல் ஆகும். திருமணம், குழந்தைப் பேறு, கிறிஸ்துமஸ், பிறந்தநாள் ஆகியவற்றை ஒட்டி இது தயாரிக்கப்படுகிறது. கடைகள் நடத்தும் முறையான வழக்கமாக இது 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வேரூன்றியது. விருப்பத்தைத் தெரிவிப்பது எந்த இடத்தில் கேட்டு வாங்குவதாக மாறுகிறது என்ற கேள்வி இதன் வரலாறு முழுவதும் தொடர்கிறது. இந்தியாவில் அதே கேள்விக்குச் சட்டமே விடை எழுதியுள்ளது.

பின்னணி

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க வசதியான குடும்பங்களில் மணமக்களுக்கு வெள்ளிக் கரண்டிகள், பீங்கான் தட்டுகள், கண்ணாடிக் கோப்பைகள் முதலியவற்றைப் பரிசளிப்பது பெருகியது. நெவாடாவில் 1859இல் பெரும் வெள்ளிப் படிவு கண்டறியப்பட்ட பிறகு வெள்ளிச் சாமான்கள் நடுத்தர வகுப்பினரையும் எட்டின. ஒரே பூவேலைப்பாடு கொண்ட தொகுதியாகச் சாப்பாட்டு மேசையை நிரப்புவது மதிப்பாகக் கருதப்பட்டது. ஆனால் பத்து உறவினர் பத்துக் கடைகளில் வாங்கும்போது வேலைப்பாடுகள் பொருந்தவில்லை. ஒரே பொருள் இரண்டு மூன்றாக வந்து சேர்ந்தது. மணமகள் எந்த வேலைப்பாட்டைத் தெரிவு செய்திருக்கிறாள் என்பதை அவள் தாயிடம் விசாரித்து வாங்குவதே அப்போதைய வழியாக இருந்தது.

கடைப் பதிவேடு

சிகாகோ நகரின் மார்ஷல் ஃபீல்ட்ஸ் பல்பொருள் அங்காடி 1924இல் மணமக்களுக்கான பரிசுப் பதிவேட்டைத் தொடங்கியது. மணமகள் கடைக்குச் சென்று தனக்குப் பிடித்த பீங்கான், வெள்ளி, கண்ணாடி வகைகளைப் பதிவு செய்தாள். பரிசு வாங்க வந்தவர் கடை ஊழியரிடம் கேட்டு அறிந்துகொண்டார். வாங்கப்பட்டவை குறிக்கப்பட்டதால் ஒரே பொருள் மீண்டும் வருவது குறைந்தது. மணமகள் யாரிடமும் வாய் திறந்து கேட்க வேண்டியிருக்கவில்லை. தாய் செய்த தூது வேலையைக் கடை ஏற்றுக்கொண்டது. பிற அங்காடிகளும் இதைப் பின்பற்றின.

1993இல் டார்கெட் நிறுவனம் கடைக்குள் மின்னணுப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. அதன்பின் மணமக்கள் கையடக்கக் கருவியால் பொருளின் பட்டைக் குறியீட்டை வருடித் தாங்களே பட்டியல் தயாரிப்பது பரவலாயிற்று. இணையக் கடைகள் வந்த பிறகு பட்டியல் ஓர் இணைப்பாகச் சுருங்கி, எவருக்கும் நொடியில் அனுப்பக் கூடியதாயிற்று. ஊழியரிடம் விசாரிக்கும் பழைய படி மறைந்ததால், பட்டியலை யாருக்கு, எப்போது காட்டுவது என்ற பொறுப்பு பெறுபவரிடமே வந்து சேர்ந்தது.

குழந்தைகளின் பட்டியல்

கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் குழந்தைகள் எழுதும் கடிதம் குடும்பத்துக்குள் வழங்கும் விருப்பப் பட்டியலின் பழைய வடிவம். அமெரிக்க அஞ்சல் துறைத் தலைவர் ஃபிராங்க் ஹிட்ச்காக் 1912இல் இக்கடிதங்களுக்கு அஞ்சல் ஊழியரும் பொதுமக்களும் பதிலளிக்க அனுமதி வழங்கினார். சிகாகோவின் சியர்ஸ் நிறுவனம் 1933இல் கிறிஸ்துமஸுக்கெனத் தனி விலைப்பட்டியல் நூலை வெளியிட்டது. மக்கள் வழக்கில் இருந்த 'விருப்பப் புத்தகம்' என்னும் பொருள்படும் பெயர் 1968இல் அதன் அதிகாரப்பூர்வப் பெயராயிற்று. குழந்தைகள் அதன் பக்கங்களில் வேண்டியதை வட்டமிட்டுப் பெற்றோர் கண்ணில் படும்படி வைத்தனர். கடிதத்திலும் குழந்தை பெற்றோரிடம் நேரடியாகக் கேட்பதில்லை. மூன்றாமவர் ஒருவருக்கு எழுதுகிறது. பெற்றோர் அதைப் படித்து, தம்மால் இயன்றதை மட்டும் வாங்க முடிகிறது.

நெறிமுறைகள்

எமிலி போஸ்ட் 1922இல் வெளியிட்ட நன்னடத்தை நூல் அமெரிக்க இல்லங்களில் பெரும் செல்வாக்குப் பெற்றது. அவர் பெயரிலான நிறுவனம் அதைத் தொடர்ந்து திருத்தி வெளியிட்டு வருகிறது. விருப்பப் பட்டியல் குறித்து அம்மரபில் நிலைபெற்ற விதிகளில் முதன்மையானவை பின்வருமாறு:

1. திருமண அழைப்பிதழில் பட்டியல் விவரத்தை அச்சிடக் கூடாது. அழைப்பிதழ் ஒருவரின் வருகையை வேண்டுவது. பட்டியல் சேர்ந்தால் அது பொருளை வேண்டும் தாளாகிவிடும்.

2. கேட்டவருக்கே பட்டியலைச் சொல்ல வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தார், நெருங்கிய தோழியர் வழியாகச் செய்தி செல்வது நன்று. மணமக்களின் இணையப் பக்கத்தில் இடுவது இன்று ஏற்கப்படுகிறது. மணமகளுக்குப் பரிசளிப்பதற்கென்றே நடத்தப்படும் விருந்தின் அழைப்பு இதற்கு விலக்கு.

3. பட்டியலில் குறைந்த விலைப் பொருள்களும் இடம்பெற வேண்டும். வசதி குறைந்த அத்தையும் கூச்சமின்றி ஒன்றைத் தெரிவு செய்ய இயல வேண்டும்.

4. பட்டியலுக்கு வெளியே வாங்கித் தரக் கொடுப்பவருக்கு முழு உரிமை உண்டு. அப்பரிசையும் அதே மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்ள வேண்டும்.

5. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நன்றிக் கடிதம் எழுத வேண்டும்.

இவ்விதிகள் ஐந்தும் பெறுபவரையே கட்டுப்படுத்துகின்றன. கொடுப்பவரை எதுவும் கட்டுப்படுத்துவதில்லை. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் வெளியான கொடை பற்றிய கட்டுரையில், பரிசு விருப்பத்தின்பேரில் தரப்படுவதுபோலத் தோன்றினாலும் கொடுத்தல், ஏற்றல், திருப்பிக் கொடுத்தல் ஆகிய மூன்று கடமைகளால் இயங்குகிறது என்று விளக்கினார். கடமை ஏற்கெனவே உள்ள உறவில் கேட்பதும் சேர்ந்தால், மறுக்க வழியில்லாமல் போகும். மேற்கண்ட விதிகள் அந்த வழியைத் திறந்து வைக்கின்றன.

பொருளியல் விவாதம்

யேல் பல்கலைக்கழக மாணவரிடம் ஆய்வு நடத்திய பொருளியலாளர் ஜோயல் வால்ட்ஃபோகல், பரிசின் விலையில் 10 விழுக்காடு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பெறுபவருக்குப் பயனின்றி வீணாகிறது என்று 1993இல் எழுதினார். நண்பர்களும் காதலரும் தந்தவற்றில் இழப்பு குறைவு. நெருங்கிப் பழகாத விரிந்த குடும்பத்தினர் தந்த பொருள்களில் மிகுதி. விருப்பப் பட்டியலுக்கு ஆதரவாக இக்கருத்து எடுத்தாளப்படுகிறது. சாரா சோல்னிக், டேவிட் ஹெமன்வே ஆகியோர் 1996இல் இதை மறுத்து, பரிசின் மதிப்பு விலையைவிடக் கூடுவதாகக் காட்டினர்.

இந்தியச் சட்டத்தில் பட்டியல்

இந்தியாவில் திருமணத்தின்போது கேட்பதன் விளைவு நன்னடத்தையின் எல்லையைத் தாண்டியது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம், எவ்விதக் கோரிக்கையும் இன்றித் தரப்படும் திருமணப் பரிசுகளைத் தண்டனைக்கு உட்பட்ட கொடுக்கல் வாங்கலிலிருந்து விலக்கியுள்ளது. கோரிக்கை எழுந்தால் அவ்விலக்கு இல்லை. வரதட்சணை கேட்பதே தனிக் குற்றம். விலக்குப் பெறப் பரிசுகளைப் பட்டியலிட வேண்டும். 1985 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அப்பட்டியலில் பொருளின் சுருக்க விவரம், ஏறத்தாழ மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவினராயின் உறவுமுறை ஆகியவை இருக்க வேண்டும். மணமகனும் மணமகளும் அதில் கையொப்பமிட வேண்டும். சிகாகோ பட்டியல் பரிசுக்கு முன்னே எழுதப்பட்டது. இந்தியச் சட்டம் கோரும் பட்டியல் பரிசு வந்த பின்னே எழுதப்படுகிறது.

தமிழக வழக்கம்

தமிழகத்திலும் பின்னே எழுதும் பட்டியலே பழக்கமானது. மொய் நோட்டில் ஊரும் பெயரும் தொகையும் எழுதப்பட்டு, கொடுத்தவர் வீட்டு விசேஷத்தில் அது திருப்பிச் செய்யப்படுகிறது. எவர்சில்வர் பாத்திரத்தில் கொடுத்தவர் பெயரை வெட்டித் தருவதும் இத்தகைய பதிவே. பணமாக எழுதும் மொய்யால் ஒரே பொருள் குவியும் சிக்கல் குறைகிறது. தாய்மாமன் சீர் போன்றவற்றில் யார் எதைச் செய்வது என்பதைப் பெரியவர்கள் பேசி முடிப்பதுண்டு.

இன்று நகர்ப்புறத் தமிழரும் வெளிநாடுவாழ் தமிழரும் இணையப் பட்டியலைக் கையாளும்போது இரு மரபுகளும் சந்திக்கின்றன. அத்தை, சித்தப்பா போன்றோர் "என்ன வேண்டும்?" என்று கேட்ட பிறகு பட்டியலைக் காட்டுவது இரண்டுக்கும் பொருந்தும். சம்பந்தி வீட்டாரிடம் பட்டியல் நீட்டுவது இரண்டுக்கும் பொருந்தாது. பெண் வீட்டாருக்கு அது விருப்பப் பட்டியலாக அல்ல, நிபந்தனையாகவே வந்து சேரும்.