மனோரா: நாட்டை இழந்த அரசர் கட்டிய வெற்றிக் கோபுரம்

1/ தஞ்சாவூர்னா பெரிய கோயில், தலையாட்டி பொம்மை, நெல்லு. கடல் ஞாபகத்துக்கே வராது. ஆனா பட்டுக்கோட்டை தாண்டி மல்லிப்பட்டினம் பக்கம் போனா, சரபேந்திரராஜன்பட்டினத்தில் கரையோரமா ஓர் அறுகோணக் கோபுரம் நிக்கும். எட்டு அடுக்கு. பேரு மனோரா. 'மினார்' நம்ம ஊர் வாயில் மனோரா ஆயிடுச்சு.

2/ எதிரே பாக் நீரிணை. ஆழம் குறைவு, பெரிய அலை கிடையாது. பார்க்க ஏரி மாதிரியே இருக்கும். கரையும் வயலும் ஒரே மட்டம், அடையாளத்துக்கு ஒரு குன்றுகூட இல்லை. இந்த இடத்தில் உயரமா ஒண்ணு நின்னா கடல்ல போறவங்களுக்கு அது பெரிய உதவி. மனோரா கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டது.

3/ ஆனா கட்டிய காரணம் வேற. கட்டினவர் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. நெப்போலியன் வீழ்ச்சியையும் ஆங்கிலேயரின் வெற்றியையும் கொண்டாடக் கட்டினதா அங்கே உள்ள கல்வெட்டே சொல்லுது. தன்னை ஆங்கிலேயரின் நண்பர்னும் அதில் குறிப்பிடுகிறார்.

4/ 'வாட்டர்லூ வெற்றிக்காகக் கட்டினது'னு பலர் சொல்லுவாங்க. தேதியைப் பாருங்க. கல்வெட்டில் உள்ள ஆண்டு 1814. வாட்டர்லூ நடந்தது 1815 ஜூன். அதனால இது 1814 ஏப்ரலில் நெப்போலியன் பதவி விலகி எல்பா தீவுக்குப் போனதைத்தான் குறிக்கணும்.

5/ இதில் வலிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. 1799 உடன்படிக்கையில் இதே 'நண்பர்கள்' சரபோஜியின் நாட்டு நிர்வாகத்தை எடுத்துக்கிட்டாங்க. காவிரிப் படுகையின் நெல் வருவாய் கம்பெனிக்குப் போச்சு. அரசருக்கு மிஞ்சினது கோட்டையும், உதவித்தொகையும், வருவாயில் ஒரு பங்கும்தான். எடுத்தவங்க ஜெயிச்சதுக்கு இழந்தவர் கோபுரம் கட்டுறார்.

6/ 'அடிமை புத்தி'னு ஒரே வார்த்தையில் முடிச்சிடலாம். அது அவசர டயக்னோசிஸ். பிரெஞ்சுக்காரர்களும் தஞ்சைக்கு நல்லது செஞ்சவங்க இல்லை. 1758ல் லாலி படையோடு வந்து தஞ்சாவூரை முற்றுகையிட்டார். அதோட, கம்பெனி தயவில் அரியணை ஏறினவருக்கு விசுவாசத்தைக் கல்லில் காட்ட வேண்டிய கட்டாயமும் இருந்திருக்கும்.

7/ மருத்துவனா எனக்கு முக்கியம், மிஞ்சின பணத்தில் அவர் வேற என்ன செஞ்சார் என்பதுதான். தன்வந்திரி மகால் நடத்தினார். நாட்டு வைத்தியமும் மேல்நாட்டு மருத்துவமும் ஒரே இடத்தில். கண் நோயாளிகளின் கேஸ் ஷீட் எழுதி வைக்கச் சொன்னார், பாதிக்கப்பட்ட கண்ணின் வண்ணப் படத்தோட! கண்புரை அறுவைக் குறிப்பும் அதில் இருக்கு. அவை இன்னைக்கும் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கு. வைத்தியர்களின் அனுபவ முறைகள் 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்ற பெயரில் தமிழ்ப் பாட்டாகவே தொகுக்கப்பட்டன.

8/ ஆக ஒரே மனுஷர் ரெண்டு பதிவு விட்டுட்டுப் போயிருக்கார். கடலோரக் கல்வெட்டு, அதிகாரத்தில் இருந்தவங்க படிக்க எழுதினது. கேஸ் ஷீட், அடுத்து வர்ற நோயாளிக்கு உதவ எழுதினது. முதலாவதை மட்டும் படிச்சு அவரை எடை போட்டா பாதி ஹிஸ்டரிதான் கேட்டிருக்கோம்னு அர்த்தம்.

9/ 2004 சுனாமியில் கோடியக்கரையின் சோழர் காலக் கலங்கரை விளக்கம் விழுந்துபோச்சு. மனோராவும் சேதப்பட்டது, ஆனா தப்பிச்சது. நிக்கும்போதே போய்ப் பாருங்க. தஞ்சாவூர் வழியா போறவங்க அரண்மனை வளாகத்தில் இருக்கும் சரஸ்வதி மகால் அருங்காட்சியகத்தை முதல்ல பாத்துடுங்க. அப்புறம் மனோராவுக்குப் போனா கல்வெட்டு வேற மாதிரி புரியும்.