இடுப்பெலும்பும் பேறுகால ஓய்வும்

1894-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை பண்டாரவளையை எட்டியபோது, ஊவா மலைச்சரிவுகளில் கோப்பி அழிந்து தேயிலை தழைக்கத் தொடங்கியிருந்தது. அச்சரிவுகளில் கொழுந்து கொய்தவர்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்களின் பெண்களே. பாதையின் வரலாற்றையும் தொழிற்சாலையின் வரலாற்றையும் கூறுவோர் பலர். இவ்வளவு சுமையையும் தாங்கிய இடுப்பெலும்பின் வரலாற்றைக் கூறுவோர் அரியர்.

கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் தொங்க, சுமை முதுகில் அமர்கிறது. அந்தப் பாரம் முதுகெலும்பின் வழியே இறங்கித் திரிகம் என்னும் ஆப்பு வடிவ எலும்பை அடைகிறது. அதன் இருபுறமும் இடுப்பெலும்புகள் பொருந்தி, முன்புறம் பூப்பெலும்புகளாய்க் கூடி ஒரு வளையமாகின்றன. தெமோதரைக்கருகே 1921-இல் முடிவுற்ற ஒன்பது வளைவுப் பாலத்தைக் கண்டோர், வளைவின் உச்சிக்கல்லோடு திரிகத்தை ஒப்பிடலாம். ஆயினும் ஒப்புமை பாதியே பொருந்தும். பாலத்தில் கல்லைக் கல்லே நெருக்கி நிறுத்துகிறது. இங்கோ வலிய தசைநார்களே திரிகத்தை முன்னோக்கிச் சரியாது பிடித்து நிற்கின்றன.

நடக்கையில் இவ்வளையம் சும்மா இருப்பதில்லை. 1953-இல் அமெரிக்க ஆய்வாளர் மூவர் வெளியிட்ட கட்டுரையின்படி, சமதரையில் ஒவ்வோர் அடிக்கும் அது பக்கத்துக்கு ஏறத்தாழ 4 பாகை திரும்புகிறது. தூக்கிய காலின் பக்கம் 5 பாகை தாழ்கிறது. ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாகச் சரிவில் நிற்பவளுக்கு இந்தக் கணக்குப் போதாது.

பிள்ளைப்பேற்றின் வேதனையைத் தமிழர் ‘இடுப்பு வலி’ என்றே வழங்குவது பொருத்தமானதே. இடுப்புக்கூட்டின் மேல்வாய் குறுக்கே ஏறத்தாழ 13 சென்ரிமீற்றரும், முன்பின்னாக 11 சென்ரிமீற்றரும் அகன்றது. கீழ்வாயிலோ முன்பின் அளவே பெரிது. ஆதலின் குழந்தையின் தலை வழியில் திரும்பியே வெளிவருதல் வேண்டும். இதனை 1752-இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஸ்மெல்லி தம் நூலில் தெளிவுற விளக்கினார். சிறுவயதில் உணவு குன்றினால் இவ்வழி ஒடுங்கிவிடும். ஆனால் தோட்டங்களில் பத்து வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைத்தலாகாது என்று சட்டம் கூறியதே 1927-இல்தான்!

கருவுற்ற காலத்தில் இவ்வளையத்தின் தசைநார்கள் நெகிழ்கின்றன. பூப்பெலும்புகளுக்கிடையே இடைவெளி சில மில்லிமீற்றர் கூடுகிறது. பிரசவத்தின்பின் அவை இறுகுவதற்குப் பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள் ஆகின்றன. இங்குதான் உடலின் கணக்கும் செக்ரோலின் கணக்கும் முரண்பட்டன. 1872-இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கெனச் சட்டம் பிறந்தது. 1912-ஆம் ஆண்டின் சட்டம், பிள்ளைபெற்றவளுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் அளித்து, வேலைக்கு அழைக்காதிருக்கத் தோட்டத் துரையைப் பணித்தது. 1939-ஆம் ஆண்டின் 32-ஆம் இலக்கப் பேறுகால நன்மைகள் சட்டம் காசுக்கு வழிசெய்தது. பிள்ளைப்பேற்றுக்குப் பின்னான ஓய்வோ நான்கு வாரமே.

நான்கு வாரங் கழித்து, இன்னும் இறுகாத வளையத்தின்மேல் மறுபடியும் கூடை ஏறிற்று. குழந்தை பிள்ளை மடுவத்தில் கிடக்கும். தாய் மலையில் நிற்பாள். பேர் விழாவிடில் அன்றைய கூலி இல்லை.

பின்னாளில் ஓய்வு 12 வாரமாக நீண்டது. அப்போதும் முதலிரு பிள்ளைகளுக்கு 84 நாள், அதற்குமேல் பிறந்தால் 42 நாள் என்று பிரித்தனர்; மூன்றாம் பிள்ளையின் தலை சிறிதாயிருக்கும் என்று எண்ணினர் போலும். அந்தப் பிரிவினை நீங்கியது 2018-ஆம் ஆண்டில்.