குடவோலையைத் தேடி ஒரு புதையல் வேட்டை

புதையல் வேட்டை விளையாட்டு எல்லோருக்கும் தெரிந்ததுதான். சீட்டில் ஒரு விடுகதை இருக்கும், அதை அவிழ்த்தால் அடுத்த இடம் தெரியும். உள்ளாட்சியை மட்டும் வைத்துத் தாம்பரத்தில் அப்படி ஒரு வேட்டை நடத்தினால் எப்படி இருக்கும்?

முதல் சீட்டு: பத்து சேர்ந்து ஒன்றானது எது?

விடை சுலபம், தாம்பரம் மாநகராட்சி. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற 5 நகராட்சிகளும், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை என்ற 5 பேரூராட்சிகளும் சேர்ந்து 2021 நவம்பரில் உருவானது. மொத்தம் 70 வார்டுகள்.

இரண்டாவது சீட்டு: ஆளில்லாத நாற்காலி எது?

கவுன்சிலர் நாற்காலிதான்! தமிழக நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடங்களுக்கும் மேலாகத் தனி அலுவலர்களே நிர்வாகம் பார்த்தார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் வார்டு மக்கள் போய்க் கேட்க, அவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆள் ஒருவரும் இல்லை.

மூன்றாவது சீட்டு: குடத்துக்குள் இருக்கும் உறுப்பினர் யார்?

இதற்கு உத்திரமேரூர் போக வேண்டும். 2019 வரை தாம்பரமும் அந்த ஊரும் ஒரே காஞ்சிபுரம் மாவட்டம். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. 919-இல் ஒன்று, அதைத் திருத்தி 921-இல் இன்னொன்று. இரண்டே வருடத்தில் தேர்தல் விதியை மாற்றியிருக்கிறார்கள்!

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இன்றைய வார்டு மாதிரி. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் போடுவார்கள். குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டுவார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுத்துத் தருவான். வாங்குகிறவர் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைக்கக் கூடாதல்லவா? இப்படித் தேர்வான 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம்.

வயது 35 முதல் 70 வரை. வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். முந்தைய மூன்று வருடங்களில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. முக்கியமான விதி இதுதான்: பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இடமில்லை.

இதைப் படித்துவிட்டுப் பழம்பெருமை மட்டும் பேசினால் வேட்டை பாதியில் நின்றுவிடும். அது பிராமணர்களுக்குத் தரப்பட்ட ஊர். வேதம் படித்திருக்க வேண்டும் என்பதும் ஒரு தகுதி. பெண்கள், நிலமில்லாதவர்கள், பிற சாதியினர் ஆகியோரின் பெயர் அந்தக் குடத்துக்குள் போகவே முடியாது.

2022-இல் தாம்பரம் மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. முதல் மேயரானவர் வசந்தகுமாரி, 35 வயதைத் தொடாத இளம்பெண். உத்திரமேரூர் விதிப்படி பார்த்தால் அவருக்கு ஒரு ஓலைகூடக் கிடைத்திருக்காது!

ஆக, புதையல் இரண்டு பாதியாகக் கிடக்கிறது. கணக்குக் காட்டாதவரை வாசலிலேயே நிறுத்தும் விதி உத்திரமேரூரின் கல்லில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் நிற்கலாம் என்ற உரிமை இன்றைய சட்டத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்ப்பது ஓட்டுப் போடுகிறவர்கள் கையில்தான்.

கடைசிச் சீட்டு படிப்பவர்களுக்கு: உங்கள் வார்டு எண் என்ன? உங்கள் கவுன்சிலர் யார்?