வல்லாளன் கதையும் வகுப்பறைத் திரையும்

இணையத்தில் கிடைக்கும் தகவல்களைக் கொண்டு மாணவர்கள் சிறு குழுக்களாக ஒரு கேள்விக்கு விடை தேடும் வகுப்பறை முறைக்கு 1995 பிப்ரவரியில் ஒரு வடிவம் கிடைத்தது. அமெரிக்காவின் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பயிற்சி மாணவர்களுக்குப் பாடம் நடத்திவந்த பெர்னி டாட்ஜ், டாம் மார்ச்சுடன் சேர்ந்து அதை வகுத்து ‘வெப்குவெஸ்ட்’ என்று பெயரிட்டார். முன்னுரை, பணி, வழிமுறை, மதிப்பீடு, முடிவு என்பவை அதன் பகுதிகள். பார்க்கவேண்டிய பக்கங்களை ஆசிரியரே முன்கூட்டித் தேர்ந்து கொடுத்துவிடுவார். மாணவர்களின் நேரம் தேடுவதில் கரையாமல், கிடைத்ததை ஒப்பிட்டு எடைபோட்டு ஒரு முடிவுக்கு வருவதில் செலவாகவேண்டும் என்பது இதன் உள்நோக்கம். குழுவில் ஒவ்வொருவரும் ஒரு வேடம் ஏற்பார்கள்: ஒருவர் வரலாற்றாய்வாளர், ஒருவர் பொறியாளர், ஒருவர் ஊர்க்காரர். பதில் ஒரே சொடுக்கில் கிடைத்துவிடும் கேள்விக்கு இந்த முறையில் இடமில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டு 15 அன்றுதான் வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கத் தொடங்கியது. அதுவும் பெருநகரங்களுக்கு மட்டும். வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து 1989இல் தனி மாவட்டமான திருவண்ணாமலைக்கு அது வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. ஆனால் கேள்வி கேட்டு, குழுவாகத் தேடி, கண்டதை எழுதி முன்வைக்கும் பழக்கம் இங்கே இணையத்துக்கு முன்பே வந்துவிட்டது. 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் ‘துளிர்’ இதழைச் சிறுவர்களுக்காக நடத்தியது. 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டைத் தமிழகத்தில் ஒருங்கிணைத்ததும் அதே இயக்கம்தான். 10 முதல் 17 வயதுவரையுள்ள பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊர்ச் சிக்கல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அளந்தும் விசாரித்தும் தாய்மொழியில் அறிக்கை எழுதுவார்கள். மாவட்டம், மாநிலம், நாடு என்று அது படிப்படியாக மேலே போகும். டாட்ஜின் முறைக்கு வேண்டிய எல்லாம் இதில் இருந்தது. கணினி மட்டும் இல்லை. அதைக் குறை என்று சொல்லிவிடவும் முடியாது. ஏரியில் இறங்கிக் கரையை அளந்த பிள்ளைக்குத் தன் தகவல் எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அரசுப் பள்ளிகளில் மாற்றம் வேறு வழியாக வந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08இல் மாநிலம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது. பாடத்தைத் தாமே வாசித்து, மனவரைபடம் போட்டு, தொகுத்து, குழுவில் பேசுவது அதன் படிகள். 2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் சேர்ந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரிந்தது. செயல்திட்டம் மதிப்பெண்ணுக்குரிய வேலையாகிவிட்டது.

விளைவை அந்த ஆண்டுகளில் பள்ளிக்கு அருகே இருந்த எந்த பிரவுசிங் சென்டரிலும் பார்த்திருக்கலாம். தலைப்பைச் சொன்னால் கடைக்காரரே தேடி, படத்தோடு பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார். பிள்ளை வண்ணத் தாளில் ஒட்டிக் கொண்டுபோகும். திருவண்ணாமலைக் கோயிலைப் பற்றிய செயல்திட்டம் என்றால் 11 நிலை, 217 அடி ராஜகோபுரம் என்ற ஒரே பத்தி நாற்பது நோட்டுகளில் ஒரே எழுத்துருவில் இருக்கும். ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. கேள்வியே இல்லாத தலைப்புக்கு நகல்தான் விடை.

2018-19இல் தொடங்கிப் புதிய பாடநூல்கள் வந்தன. பாட இறுதியில் ‘இணையச் செயல்பாடு’ என்ற கட்டம், அதில் படி 1, படி 2 என்று வழிகாட்டல், உரலி எனும் இணைய முகவரி, கைப்பேசியால் படிக்கும் குறியீடு எல்லாம் அச்சாயின. தமிழில் பாடநூலே மாணவரை ஒரு குறிப்பிட்ட இணையப் பக்கத்துக்கு அழைத்துப்போனது பெரிய அளவில் இதுவே முதல்முறை. ஆனால் பெரும்பாலான கட்டங்கள் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்லும் அளவோடு நின்றன. அழுத்தியபின் எதை முடிவு செய்யவேண்டும் என்ற பகுதி, அதாவது டாட்ஜ் ‘பணி’ என்று வைத்தது, அவற்றில் அரிது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் அதையடுத்து அமைந்த உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வரிசையாகக் கணினிகளைக் கொண்டுவந்தன.

திருவண்ணாமலையின் வரலாறு இந்த முறைக்கென்றே அமைந்தது போன்றது. போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் கதையை எடுத்துக்கொண்டால் போதும். கோயிலில் வல்லாள கோபுரம் இருக்கிறது. எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம் அவனைப் பிள்ளையில்லா அரசனாகவும், இறைவனே அவனுக்குக் குழந்தையாக வந்ததாகவும் சொல்கிறது. அதனால் மாசி மகத்தன்று கோயிலின் இறைவனான அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, மகன் முறையில் அவனுக்குத் திதி கொடுக்கும் வழக்கம் இன்றும் நடக்கிறது. இது ஒரு சான்று. கல்வெட்டுகள் இன்னொன்று. டெல்லித் தளபதி மாலிக் காபூரின் 1311 படையெடுப்புக்குப் பிறகு, போசளத் தலைநகர் துவாரசமுத்திரம் நிலைகுலைந்த காலத்தில் வல்லாளன் திருவண்ணாமலையைத் தலைநகரைப்போல் கொண்டிருந்தான் என்பதை அவை காட்டுகின்றன. மூன்றாவது சான்று மொராக்கோ பயணி இப்னு பதூதாவிடமிருந்து வருகிறது. மதுரை சுல்தானிடம் பிடிபட்டுக் கொல்லப்பட்ட அந்த முதிய அரசனின் தோலில் வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டதாக அவர் எழுதியிருக்கிறார்.

இந்த மூன்றையும் மூன்று குழுக்களிடம் கொடுத்து, அரசன் எப்படி இறந்தான், ஊர் ஏன் அவனுக்கு ஒரு மகனைக் கற்பித்துக்கொண்டது என்று கேட்டால், நகலெடுக்க எதுவும் கிடைக்காது. வாரிசுள்ள அரசன் என்று போசள வரலாறு சொல்கிறது. புராணம் பிள்ளையில்லை என்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புராணமும் வரலாறும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பது தானாகப் புரியும்.

மூலங்கள் இணையத்துக்கு வந்தது தனிக் கதை. தென்னிந்தியக் கல்வெட்டுகள் 8ஆம் தொகுதியில் திருவண்ணாமலைக் கல்வெட்டுகள் பல 1937இலேயே அச்சாயின. பி.ஆர். சீனிவாசன் பதிப்பித்த தனித் தொகுப்பைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990இல் வெளியிட்டது. இவை நெடுங்காலம் ஆய்வாளர் அலமாரியிலேயே இருந்தன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2001இல் உருவான தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் வழிவந்த தமிழ் இணையக் கல்விக்கழகமும் பழைய நூல்களை இணையத்தில் ஏற்றியபிறகே பள்ளி ஆசிரியரின் கைக்கு மூலநூல் எட்டத் தொடங்கியது. செங்கம் வட்டார நடுகற்களும் அப்படித்தான். தொல்லியல் துறை 1972இல் நூலாக வெளியிட்ட அவற்றுள், எடுத்தனூரில் கள்ளரோடு போரிட்டு இறந்த வீரனோடு கோவிவன் என்ற நாயும் இடம்பெற்ற கல் ஒன்று உண்டு. பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தது. பிள்ளைகளுக்கு வேறு எந்தக் கல்வெட்டையும்விட அது பிடித்துப்போகும்.

எதிர்த்திசையிலும் ஓட்டம் உண்டு. இணையத்திலிருந்து எடுப்பதோடு நில்லாமல் மாணவர்கள் அதற்குக் கொடுக்கவும் செய்கிறார்கள். 2015 முதல் தமிழகத்தில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், கண்ட பறவைகளை இ-பேர்டு தளத்தில் யார் வேண்டுமானாலும் பதியலாம். திருவண்ணாமலை மலையைச் சுற்றியுள்ள கிராமப்புறத்தில் 2009இல் தொடங்கிய மருதம் பண்ணைப் பள்ளி போன்றவை கணினியைவிடக் காட்டையும் வயலையும் பாடமாக நம்புகின்றன. இரண்டும் முரண் அல்ல. பறவையைப் பார்க்காதவர் பதிய எதுவும் இல்லை.

2020இல் பள்ளிகள் மூடியபோது இணையம் திடீரென ஒரே வழியானது. ஒரு கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்த வீடுகளில் தேடலுக்கு இடமே இல்லை. அனுப்பிய வீடியோவைப் பார்ப்பதே படிப்பாயிற்று. பள்ளிகள் திறந்தபிறகு ஆய்வகக் கணினிகளின் நேரத்தில் பெரும் பங்கை இணையவழித் தேர்வுகள் எடுத்துக்கொண்டன.

இதற்கிடையில் தேடுவதற்கான கேள்விகள் ஊரிலேயே எழுந்தன. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலையின் ஒரு பகுதி சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் உயிரிழந்தனர். அதே மழையால் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1.6 லட்சம் கனஅடிக்கு மேல் நீர் திறக்கப்பட்டது. அந்த ஆண்டு கார்த்திகைத் தீபத் திருநாளில் பக்தர்கள் மலையேற அனுமதியில்லை. மலை ஏன் சரிந்தது, அடிவாரத்தில் எதுவரை வீடு கட்டலாம் என்பவை ஊர் முழுக்கக் கேட்ட கேள்விகள். வானிலைத் துறையின் மழையளவு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் நிலச்சரிவு வரைபடங்கள், இஸ்ரோவின் புவன் தளத்துச் செயற்கைக்கோள் படங்கள் ஆகியவை பள்ளி ஆய்வகக் கணினியிலேயே திறக்கக்கூடியவை. பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ்வழி வகுப்பில் இவற்றைக் கொண்டு ஒரு தேடலை நடத்த நினைக்கும் ஆசிரியர் முதலில் பக்கங்களைத் தேர்ந்து, தேவையான வரிகளைத் தமிழில் எழுதி, பணியை வகுத்தாகவேண்டும். நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளைக்கு முன்பான அந்த உழைப்புக்குப் பள்ளி நேர அட்டவணையில் இதுவரை இடம் ஒதுக்கப்படவில்லை.