பொலிகாளைக்கு எழுதிய கணக்கு

பொலிகாளை பால் கறக்காது. ஆனாலும் எந்தக் காளையின் விந்தில் பிறக்கும் கன்று நாளைக்கு நன்றாகக் கறக்கும் என்று மாடு வளர்ப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும். சினை ஊசி பரவிய பிறகு இது பெரும் பணம் புரளும் கேள்வியாகிவிட்டது. உறைவிந்தின் தயவில் ஒரே காளைக்கு நூற்றுக்கணக்கான பண்ணைகளில் ஆயிரக்கணக்கில் மகள்கள். அவை கறக்கும் பாலை வைத்துத்தான் தகப்பனை எடைபோட முடியும். ஆனால் நல்ல தீவனம் போடும் பண்ணையில் எந்த மாடும் கூடுதலாகக் கறக்கும். அதில் தகப்பனுக்குப் பங்கில்லை. தீவனத்தின் பங்கையும் தகப்பனின் பங்கையும் தனித்தனியே பிரித்துக் காட்டும் சமன்பாடுகளை, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கால்நடை மரபியலாளர் சார்லஸ் ஹெண்டர்சன் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கினார்.

அந்தக் கணக்குக்கு ஒரு நிதானம் உண்டு. ஐந்தே மகள்கள் உள்ள காளை பிரமாதமான கறவையைக் காட்டினாலும், உடனே தலையில் தூக்கி வைத்து ஆடாது. சான்று போதாது என்று அதன் மதிப்பைச் சராசரிப் பக்கம் இழுத்து நிறுத்தும். மகள்கள் கூடக் கூடத்தான் பிடியைத் தளர்த்தும்.

இந்தக் கணக்குதான் பிறகு பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது. கூட்டிவந்தவர் வில்லியம் சாண்டர்ஸ், டென்னஸி பல்கலைக்கழகத்தின் வேளாண் பிரிவில் இருந்த புள்ளியியலாளர். 1980களின் தொடக்கத்தில் மாநில ஆளுநர் லமார் அலெக்சாண்டர், திறமையான ஆசிரியர்களுக்குக் கூடுதல் சம்பளம் தரத் திட்டமிட்டார். மாணவர்களின் மார்க்கை வைத்து ஆசிரியரை நியாயமாக அளக்க வழியே இல்லை என்று அப்போது பலரும் சொன்னார்கள். வழி இருக்கிறது என்றார் சாண்டர்ஸ். நாக்ஸ்வில் வட்டாரப் பள்ளிகளின் தேர்வு விவரங்களை வாங்கிப் போட்டும் பார்த்தார். ஆனால் அரசு அசையவில்லை. பணம் போதவில்லை என்று கிராமப்புறப் பள்ளி மாவட்டங்கள் வழக்குப் போட்டு, மாநிலம் கூடுதல் நிதி ஒதுக்க வேண்டிய கட்டாயம் வந்தபோதுதான், கொடுக்கும் பணத்துக்குக் கணக்கு எங்கே என்ற கேள்வி எழுந்தது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தில் சாண்டர்ஸின் முறை இடம்பிடித்தது.

கூட்டிக் கழித்துச் சொன்னால் முறை இதுதான். ஒரு பிள்ளை முந்தைய ஆண்டுகளில் எடுத்த மார்க்குகளைக் கொண்டு, இந்த ஆண்டு எவ்வளவு எடுக்கும் என்று ஊகிப்பது. உண்மையில் எடுத்ததற்கும் ஊகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வகுப்பு முழுக்கத் திரட்டி ஆசிரியர் பேரில் எழுதுவது. ஹெண்டர்சனின் நிதானமும் உள்ளே இருந்தது: சான்று சேரும்வரை எல்லா ஆசிரியரும் சராசரிதான். இதில் ஒரு நியாயம் இருப்பதை நான் மறுக்கமாட்டேன். தேர்ச்சி விகிதத்தை மட்டும் பார்த்துத் தலைமையாசிரியரைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்தும் நம்மூர் வழக்கம், பிள்ளை எங்கிருந்து புறப்பட்டது என்று கேட்பதே இல்லை. சாண்டர்ஸின் கணக்கு அதையாவது கேட்டது.

2000இல் சாண்டர்ஸ் சாஸ் என்ற மென்பொருள் நிறுவனத்துக்குப் போனார். கணக்கும் கூடவே போய் விற்பனைச் சரக்கானது. 2009இல் இன்னொரு கதவு திறந்தது. பன்னிரண்டு பள்ளி மாவட்டங்களை ஆராய்ந்த ஓர் அறிக்கை, ‘திருப்தி’, ‘திருப்தியில்லை’ என்று இரண்டே கட்டம் வைத்திருந்த இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது ஆசிரியருக்குமேல் ‘திருப்தி’ வாங்குவதாகச் சொன்னது. இந்தச் சடங்கை மாற்ற ஒபாமா அரசு 435 கோடி டாலரை வைத்து மாநிலங்களுக்கிடையே போட்டி நடத்தியது. ஆசிரியர், தலைமையாசிரியர் இருவரின் மதிப்பீட்டிலும் மாணவர் வளர்ச்சிக்குக் கணிசமான பங்கு தரும் மாநிலத்துக்குப் பரிசில் முன்னுரிமை. மாநிலங்கள் முண்டியடித்தன.

வந்த வேகத்தில் வேடிக்கைகளும் வந்தன. இசை, ஓவிய ஆசிரியர்களுக்கு மாநிலத் தேர்வே கிடையாது. அதனால் பள்ளி மொத்தமும் வாங்கிய மார்க் அவர்கள் தலையில் ஏறியது. லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் 2010இல் சுமார் ஆறாயிரம் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் தரவரிசையைப் பெயரோடு வெளியிட்டது. நியூயார்க்கில், இதே வகைக் கணக்கு ஒன்று நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருவருக்கு ஓராண்டு 20க்கு 14 போட்டது, மறு ஆண்டு 20க்கு 1. பாடம் நடத்துவதில் அவர் எதையும் தலைகீழாக மாற்றிவிடவில்லை. அவர் பிள்ளைகள் ஏற்கெனவே உச்சத்தில் இருந்தவர்கள். மேலே ஏற இடமே இல்லை. அந்த மதிப்பெண் தான்தோன்றித்தனமானது என்று 2016இல் நீதிமன்றம் ரத்து செய்தது.

ஹூஸ்டன் நகர ஆசிரியர்கள் போட்ட வழக்கு இன்னும் ருசிகரம். சாஸ் போட்ட மார்க்கை ஆசிரியர்கள் சரிபார்க்கக் கேட்டார்கள். சூத்திரம் வணிக ரகசியம் என்று பதில் வந்தது. ஒருவருடைய பிழையைத் திருத்தினால் மற்றவர்கள் மார்க்கும் மாறிவிடும் என்று பள்ளி மாவட்ட நிர்வாகமே எழுதிவைத்திருந்தது. சரிபார்க்க முடியாத எண்ணைக் காட்டி வேலையைப் பறிப்பது முறையான நடைமுறையாகுமா என்பது விசாரணைக்கு உரிய கேள்விதான் என்று 2017 மே மாதம் கூட்டாட்சி நீதிபதி சொன்னார். அதே ஆண்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது. சாண்டர்ஸ் அந்த மார்ச் மாதமே காலமாகியிருந்தார்.

காளைக்கு ஆயிரம் மகள்கள், ஆசிரியைக்கு இருபத்தைந்து பிள்ளைகள் என்பதில் பாதிச் சிக்கல் இருக்கிறது. மாணவர் மார்க்கில் தெரியும் ஏற்றத்தாழ்வில் ஆசிரியரின் பங்கு 1 முதல் 14 சதவீதம்தான் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாக அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014இல் அறிவித்தது. எனக்கு உறுத்துவது மறு பாதி. பொலிகாளையைத் திருத்த யாரும் நினைப்பதில்லை. நல்லதை வைத்துக்கொள்வார்கள், மற்றதைக் கழித்துவிடுவார்கள். பொறுக்குவதற்காகப் பிறந்த கணக்கு அது. பின்னப் பாடம் ஏன் பிள்ளைகளுக்கு ஏறவில்லை, திங்கட்கிழமை வேறு எப்படி நடத்தலாம் என்று ஆசிரியை கேட்டால் அதனிடம் பதில் கிடையாது. தலைமையாசிரியரும் கையில் அந்த எண்ணை வைத்துக்கொண்டு விழிக்க வேண்டியதுதான். பலர் விழிக்கக்கூட இல்லை, பழையபடியே எல்லாருக்கும் நல்ல மார்க் போட்டார்கள். புது முறை வந்த இருபத்து நான்கு மாநிலங்களைப் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வில், பெரும்பாலானவற்றில் ‘திருப்தியில்லை’ வாங்கியவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கேட்ஸ் அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஆசிரியர் மதிப்பீட்டுத் திட்டம் 57.5 கோடி டாலர் செலவழித்தும் மாணவர்களின் படிப்பு உயரவில்லை என்று 2018இல் ராண்ட் நிறுவனம் எழுதியது.

சின்சினாட்டி நகரம் வேறு வழியில் போனது. 2000களில் அங்கே மதிப்பீட்டு ஆண்டில் ஓர் ஆசிரியரின் வகுப்பை நான்கு முறை வந்து பார்ப்பார்கள். அதில் மூன்று முறை வருபவர், வகுப்பெடுப்பதிலிருந்து விடுவிக்கப்பட்ட இன்னோர் அனுபவசாலி ஆசிரியர். கேள்வியை எப்படிக் கேட்டீர்கள், பதில் சொல்லாத பிள்ளையிடம் எப்போது திரும்பினீர்கள் என்ற அளவில் எழுதியும் தருவார்கள், உட்கார்ந்து பேசவும் செய்வார்கள். பல ஆண்டு பணியில் இருந்தவர்களிடம் இதன் விளைவைப் பொருளாதார ஆய்வாளர்கள் டெய்லரும் டைலரும் அளந்தார்கள். அவர்களிடம் படித்த பிள்ளைகளின் கணித மார்க் உயர்ந்தது. மதிப்பீடு முடிந்த அடுத்த ஆண்டுகளிலும் அந்த உயர்வு நிலைத்தது. செலவு அதிகம்தான், தேர்ந்த ஆசிரியர்களை வகுப்பிலிருந்து எடுத்தாக வேண்டும்.

மாணவர் மார்க்கை ஆசிரியர் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்ற கூட்டாட்சி அரசின் வற்புறுத்தல் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிந்தது. பல மாநிலங்கள் அதைக் குறைத்தன, சில தூக்கியே எறிந்தன. டென்னஸியிலோ சாண்டர்ஸின் கணக்கு, சாஸின் கணினிகளில், அதன் பிறகும் ஆண்டுதோறும் ஓடிக்கொண்டிருந்தது.