காக்கை சொன்ன செய்தி

குறுந்தொகை 210ஆம் பாடலில், பிரிந்துபோன தலைவன் திரும்பிவிட்டான். தலைவியை ஆற்றியிருந்த தோழியைப் பாராட்டுகிறான். அவளோ, பாராட்டு விருந்து வரக் கரைந்த காக்கைக்கே உரியது. அதற்கு ஏழு கலங்களில் நெய்ச்சோறு இட்டாலும் சிறிதே என்கிறாள். இதைப் பாடியதாலேயே நச்செள்ளையார் காக்கைபாடினியார் எனப் பெயர் பெற்றார் என்பர்.

அங்கே காக்கை அறிவித்தது உயிரோடிருப்பவனின் வரவை. இன்று நாம் அதனிடம் கேட்பது இறந்தவரின் செய்தியை. என் தந்தையின் கருமாதியன்று வெகுநேரம் காகம் வரவில்லை. "கோபமோ என்னவோ" என்றார் அம்மா. ஒன்று வந்து சோற்றைக் கொத்திய பிறகே அவர் உண்ண அமர்ந்தார்.

பசித்த பறவை அது என்பதை நானறிவேன். அம்மாவும் அறிவார். ஆயினும், திரும்பி வருவோருக்காகக் காத்திருந்த முற்றத்திலேதான் திரும்பாதவருக்காகவும் காத்திருக்கிறோம்.